இருபத்தெட்டு இஞ்ச்

ஜூன் 14

வண்டியைக் கொண்டுபோய்விட்டார்கள். வாங்கினவர் ஷெட்டிலிருந்து பின்னால் எடுக்கும்போது கேட்டில் ஒரு உரசு உரசினார். பழைய நாளாக இருந்தால் என் வீட்டுக்காரர் தெரு முனை வரைக்கும் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டிருப்பார். ஜன்னலோரக் கட்டிலில்தான் படுத்திருந்தார். உரசின சத்தம் காதில் விழாமல் இருக்காது. முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பம்ப் கம்பெனியில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்து மார்ச் மாதம் ஓய்வு பெற்றார். ஏப்ரலில் பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றையும் ஒரே காலையில் பிடுங்கிக்கொண்டது. பிரேக் மிதிக்கிற கால் இல்லாதவருக்கு வண்டி எதற்கு என்று நான்தான் விற்கச் சொன்னேன். சொல்லிவிட்டு இப்போது காலி ஷெட் பக்கம் போகாமலே சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

உடற்பயிற்சி கொடுக்க வருகிற ரெஜினா சொல்லிவிட்டுப் போனாள்: "சாருக்குக் கால் வந்தாச்சும்மா. தடி பிடிச்சு நடக்கலாம். பேச்சும் வரும், பேசினாத்தான் வரும். எந்திரிக்கிறதுக்கு அவருக்கு ஒரு காரணம் வேணும், அவ்வளவுதான்."

காரணத்துக்கு நான் எந்தக் கடைக்குப் போவேன்?

ஜூன் 17

இன்று பேசினது: "ம்", "வேண்டாம்", "ம்".

ஜூன் 20

கட்டிலுக்கு அடியில் கூட்டும்போது விளக்குமாறு சாக்கில் இடித்தது. நான்கு சாக்கு மூட்டைகள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பழைய இரும்புக் கடைக்குப் போய்ப் பொறுக்கி வந்த சாமான்கள்: இரும்பைக் கவ்விப் பிடிக்கிற பெஞ்ச் வைஸ், சின்ன டிரில்லிங் மெஷின், கிரைண்டர், அரங்கள், ஸ்பேனர்கள். "ரிட்டயர் ஆனதும் பாரு துளசி, ஷெட்டுல ஒரு பட்டறை போடறேன். வைஸு ஜன்னலோரம். சாமானெல்லாம் செவுத்துல, கண்ணுக்கு நேரா. தேடற வேலையே இருக்கக்கூடாது." சாப்பிட உட்கார்ந்தால் இதே பேச்சுதான். ரசம் ஊற்றினது கூடத் தெரியாமல் பேசுவார். "சோத்தைத் தின்னுங்க மொதல்ல" என்று எத்தனை முறை அதட்டியிருக்கிறேன்!

மூட்டையைப் பிரித்தேன். எண்ணெய்த் துணியில் சுற்றி, குழந்தைக்குத் துணி சுற்றின மாதிரி வைத்திருக்கிறார். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்து, முகம் கழுவி, பட்டறையை நானே போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

மகள் சுகன்யாவிடம் போனில் சொன்னேன். பெங்களூரில் இருந்துகொண்டு கத்துகிறாள்: "அம்மா, அப்பா பாத்ரூமுக்கே நீ கை பிடிச்சாத்தான் போறார். பட்டறை யாருக்கும்மா?"

"எனக்குத்தான். ஊறுகாய் போட இடம் பத்தலை" என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 28

மேஸ்திரி ஆறுச்சாமி வந்து ஷெட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பிளான் வரைஞ்சு வெச்சிருக்கீங்களாக்கா?" என்று கேட்டார். பிளானாவது மண்ணாவது. எனக்குத் தெரிந்தது தையல். தெரிந்த வழியில்தானே செய்ய முடியும்?

சமையலறைக்குப் பின்னால், வெளிச்சம் வராத நடையில் என் தையல் மெஷின் இருக்கிறது. அங்கே உட்கார்ந்துதான் இந்தக் கணபதி வட்டாரத்தில் பாதிப் பேருக்கு ரவிக்கை தைத்தேன். புதுசாக எதைத் தைத்தாலும் முதலில் காகிதத்தில் வெட்டி உடம்பில் வைத்துப் பார்ப்பேன். அதையேதான் செய்தேன். பழுப்புக் காகிதம் வாங்கி, ஒவ்வொரு மெஷினையும் அதன் மேல் வைத்து வரைந்து, வெட்டி, ஷெட் தரையில் பரப்பினேன். இது வைஸ். இது கிரைண்டர். இது மேடை. இது நாற்காலி. நடுவில் நடந்து பார்த்தேன், திரும்பிப் பார்த்தேன், இடித்தால் காகிதத்தை நகர்த்தினேன். காற்று அடித்து டிரில்லிங் மெஷின் பறந்து சாக்கடைக்குப் போனது. மறுபடி வெட்டினேன்.

பொழுதோடு காபி கொடுத்துவிட்டு, கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "சட்டை தைக்கறனுங்க, சித்த நேரம் ஆடாம இருங்க" என்றேன். தையல்காரியிடம் எல்லாரும் தூக்குகிற மாதிரி இடது கையைப் பக்கவாட்டில் தூக்கினார். முழங்கையிலிருந்து தரைக்கு அளந்தேன். இருபத்தெட்டு.

எந்தச் சட்டைக்கு முழங்கையிலிருந்து தரைக்கு அளக்கிறார்கள்? நல்லவேளை, அவர் கேட்கவில்லை. நிற்க வைத்து அளவு எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஜூலை 5

ஆறுச்சாமியோடு சண்டை.

"இருபத்தெட்டு இஞ்ச்சா? அக்கா, சமையல் மேடையே முப்பத்திரண்டுங்க. பட்டறை மேடைன்னா முப்பத்தாறாவது வேணும். அண்ணன் ஆறடி ஆளு. குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போயிருமுங்."

"இருபத்தெட்டு போடுங்க."

"அப்பறம் கீழ எதுக்குங்க்கா வெறுசா விடறீங்க? அலமாரி வெச்சுத் தரனே, சாமான் போட்டுக்கலாமல்லோ?"

"கீழே ஒண்ணும் வேண்டாம். கால் நீட்ட இடம் வேணும்."

"நின்னு வேலை செய்யறவருக்கு எதுக்குங்க காலு நீட்ட..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். பூச்சுக் கரண்டியை எடுத்துக்கொண்டு சிவனே என்று போய் இருபத்தெட்டே போட்டார்.

வீட்டிலிருந்து ஷெட்டுக்குப் போகிற வாசல் படியையும் உடைத்துச் சரிவாகப் பூசச் சொன்னேன். ஊறுகாய் ஜாடியைத் தூக்கிக்கொண்டு படியேறினால் எனக்கு முட்டி வலிக்கும்.

ஜூலை 16

இன்று என் மானம் கப்பலேறிய நாள்.

சுவருக்கும் தூணுக்கும் நடுவில் வைக்க இரும்பு ரேக் செய்யச் சொல்லி வெல்டிங் கடையில் அளவு கொடுத்திருந்தேன். இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உள்ளே போகவே மாட்டேன் என்றது. இப்படித் திருப்பினார்கள், அப்படித் திருப்பினார்கள். ஆறுச்சாமி டேப் வைத்துப் பார்த்தார். இரண்டு இஞ்ச் கூடுதல். கடைக்காரர்மேல் பாய்ந்தேன். அவர் நான் எழுதிக்கொடுத்த சீட்டைக் காட்டினார். என் கையெழுத்துதான்.

ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. இடத்தை அளந்தவள், கை பழக்கத்தில் இந்தப் பக்கம் ஒரு இஞ்ச், அந்தப் பக்கம் ஒரு இஞ்ச் தையலுக்கு விட்டிருக்கிறேன்!

சொன்னதும் ஆறுச்சாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அக்கா, இரும்புக்கெல்லாம் தையலு விட முடியாதுங். பிரிச்சு உட்டு லூசு பண்ண முடியுமா சொல்லுங்?" கடைசியில் சுவரைக் கொத்தித்தான் ரேக்கை உள்ளே தள்ளினோம்.

கொத்துகிற சத்தத்துக்கு அறையிலிருந்து குரல் வந்தது. "என்ன?"

ஓடிப்போய் ரேக் கதையைச் சொன்னேன். "ஊறுகாய் ஜாடி வைக்கத்தானுங்க" என்றும் சேர்த்துக்கொண்டேன். அவருக்கு வாய் ஒரு பக்கம்தான் விரியும் இப்போது. அந்த ஒரு பக்கம் விரிந்தது. அது சிரிப்புதான், எனக்குத் தெரியாதா?

ஆகஸ்ட் 10

சுகன்யா வந்திருந்தாள். வந்தவள் நல்லதுக்குத்தான் சொல்கிறாள், நான் கோபித்துக்கொள்ளக்கூடாது. ஆனாலும் கோபம் வருகிறது.

அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, "எங்ககூட வந்துடுங்கப்பா. லிப்ட் இருக்கு, ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கு. அம்மா ஒத்தையா எத்தனை நாளைக்குத் தூக்குவாங்க?" என்றாள். அவள் வீட்டில் இரண்டு நாளுக்கு மேல் தங்காத மனிதர். இரண்டாம் நாளே, குழாயைக் கழற்றிப் பூட்டுவதைத் தவிர வேறு வேலை இல்லை என்று புலம்புவார்.

"போலாம்" என்றார்.

இத்தனை மாதத்தில் தெளிவாக வந்த வார்த்தை அது. அவருக்குப் போக ஆசை இல்லை. எனக்குப் பாரமாக இருக்கிறோம் என்று நினைக்கிறார். நாற்பது வருஷம் பக்கத்தில் படுத்தவளுக்கு இது கூடவா தெரியாது? சண்டை போடக்கூட ஆள் இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடக்கிறதே, அதுதானே எனக்குப் பாரம்? அதைச் சொல்லாமல் காபி போடப் போனேன்.

ஆயுத பூஜைக்கு வந்து அழைத்துப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். கிளம்பும்போது ஷெட்டை எட்டிப் பார்த்தாள். அந்தத் தாழ்வான மேடையை, அதற்கு அடியில் இருந்த வெறும் இடத்தை, வாசல் சரிவைப் பார்த்தாள். "ஊறுகாயாம்மா?" என்று கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 11

மேடைக்கு மேல் போட வாகைப் பலகை வந்தது. கனமோ கனம்.

ஆகஸ்ட் 24

ஆயுத பூஜைக்குள் முடித்தாக வேண்டும். பூஜையன்று எப்படியாவது கைத்தாங்கலாக அழைத்து வந்து காட்டிவிட வேண்டும். பார்த்த பிறகும் பெங்களூர்தான் என்றால் போவோம்.

எலெக்ட்ரீஷியன் சுவிட்சுகளை எல்லாம் வழக்கமான உயரத்தில் வைக்கப் பார்த்தார். பலகைக்கு மேலே ஒரு ஜாண் உயரத்தில் வைக்கச் சொன்னேன். உயரத்தில் வைத்தால் எனக்கு எட்டாது. வீட்டிலிருந்து ஷெட் வரைக்கும் சுவரோரமாக ஒரு இரும்புக் குழாய் அடித்தாயிற்று. மழைக்காலத்தில் துணி காயப்போட வசதி.

வைஸை மேடையின் இடது பக்கம் வைத்து போல்ட் போட்டேன். அந்தப் பக்கம்தான் வெளிச்சம் நன்றாக இருக்கிறது.

செப்டம்பர் 6

சுவரில் பலகை அடித்து, ஒவ்வொரு ஸ்பேனராக வைத்து, சுற்றி சாக்பீஸால் வரைந்தேன். எதை எடுத்தாலும் அதன் உருவம் அங்கேயே இருக்கும், திரும்ப அங்கேயே மாட்டலாம். காகிதத்தில் உருவம் வரைந்த பழக்கம். நெம்ப அழகாக வந்திருக்கிறது. காட்ட ஆள் இல்லாமல் ஆறுச்சாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அறைக்குள் எட்டிப் பார்த்தால் கட்டிலுக்கு அடியில் காலி சாக்குகளை அவர் தடியால் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். "எலி கடிச்சுருச்சுங்க, எடுத்து வேற எடத்துல வெச்சிருக்கேன்" என்றேன். எலி இரும்பைக் கடிக்குமா? என் வாயில் சனி.

செப்டம்பர் 21

நிதானமாக எழுத வேண்டும்.

அந்த ரேக்கின் ஒரு முனை கூராக நின்று என் சேலையை இரண்டு முறை கிழித்துவிட்டது. இன்று மத்தியானம் பொறுக்க முடியாமல் ஒரு அரத்தை எடுத்து ராவ ஆரம்பித்தேன். முன்னாலும் பின்னாலுமாக, ரம்பம் அறுக்கிற மாதிரி. கிரீச் கிரீச் என்று எனக்கே பல் கூசியது. கூசினாலும் விடவில்லை, சேலை கிழிந்த ஆத்திரம்.

உள்ளேயிருந்து ஒரு சத்தம். "ஏய்!"

நான் கையை நிறுத்தவில்லை. காக்கா கத்துகிறது என்று நினைத்தேனா, என்னவோ.

"ஏய்... இழுக்காத! அரத்த... பின்னால... இழுக்காத!"

அரம் கையிலிருந்து விழுந்துவிட்டது. திரும்பிப் பார்க்கிறேன். கையில் தடி இல்லை, ஒன்றும் இல்லை. இடது கையால் அந்தத் துணி காயப்போடுகிற குழாயைப் பிடித்துக்கொண்டு, வலது காலை இழுத்து இழுத்து, சரிவில் ஏறி வருகிறார். ஓடிப்போய்ப் பிடித்திருக்க வேண்டும். சிலையாக நின்றுவிட்டேன்.

"தள்ளுறப்ப... மட்டும். வர்றப்ப... தூக்கணும். எத்தனை... தடவ... சொல்லியிருக்கேன்!"

"சொல்லியிருக்கீங்க" என்றேன். கண்ணில் தண்ணீர் தாரை தாரையாக வருகிறது, நான் இளித்துக்கொண்டு நிற்கிறேன். ஏப்ரலுக்கப்புறம் வாங்கின முதல் திட்டு.

அப்போதுதான் அவர் சுற்றிலும் பார்த்தார். சுவரில் ஸ்பேனர்கள். ஜன்னல். கிரைண்டர். வைஸ். வாய் பாதி திறந்தபடி நின்றார். மெதுவாக மேடைப் பக்கம் வந்து பலகையில் கை வைத்தார். பலகை அவர் தொடை அளவுக்குத்தான் வந்தது. முகம் மாறியது.

"எந்த... மடையன்... இவ்ளோ தாழ்வா... போட்டான்?"

எத்தனை மாதமாக இந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டிருந்தேன்! உங்களால் இனிமேல் நின்று வேலை செய்ய முடியாது என்று டாக்டர்கூட அவர் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. நான் செங்கல்லும் சிமென்டும் வைத்துக் கட்டிச் சொல்லியிருக்கிறேன்.

"நான்தானுங்க. தப்பா அளந்துட்டேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் மேடைக்கு அடியில் போயின. இடது கை தானாகப் போய் வைஸின் கைப்பிடியில் விழுந்தது. அப்படியே உட்கார்ந்திருந்தார்.

கொஞ்சம் பொறுத்து, "உள்ள... போலாம்" என்றார்.

செப்டம்பர் 22

பேசவில்லை. இரண்டு தோசை சாப்பிட்டார். ஷெட் பக்கம் திரும்பவில்லை.

செப்டம்பர் 25

மனசு ஆறமாட்டேன் என்கிறது. முப்பத்தாறே போட்டிருக்கலாம். பயன்படாமல் போனாலும் ஆறடி மனிதருக்கு மரியாதையாக இருந்திருக்கும். ஆறுச்சாமி தலையில் அடித்துக்கொண்டு சொன்னார், நான்தான் கேட்கவில்லை. நின்று வாழ்ந்த மனிதரை உட்கார வைத்து அளந்துவிட்டேன்.

அவருடைய துணிகளைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தேன். பெங்களூரில் குளிராம். ஸ்வெட்டர் தேட வேண்டும்.

செப்டம்பர் 30

சுகன்யா வந்துவிட்டாள். பொரி, கடலை, பூசணிக்காய் வாங்கி வைத்தாயிற்று.

அக்டோபர் 1, ஆயுத பூஜை

காலையில் குளித்துவிட்டு வந்து பார்த்தால் கட்டில் காலி. சுகன்யா ஷெட் வாசலில் நின்று வாயில் விரல் வைத்துக் காட்டினாள். உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் துணி. ஒவ்வொரு ஸ்பேனராக எடுத்து இடது கையால் துடைக்கிறார். துடைத்து, சாக்பீஸ் உருவத்துக்கு மேல் சரியாகப் பொருத்தி மாட்டுகிறார். ஒன்று கோணலாகப் போனது. நாக்கைத் துருத்திக்கொண்டு திரும்ப மாட்டினார்.

நான் சந்தனமும் குங்குமமும் கொண்டுபோனேன். வைஸுக்கு, கிரைண்டருக்கு, டிரில்லிங் மெஷினுக்கு அவரே பொட்டு வைத்தார். வைத்துவிட்டுச் சுற்றிலும் தேடினார்.

"உன்... கத்தரி?"

"என் மெஷின்கிட்ட இருக்குதுங்க. அங்கயே பொட்டு வெச்சுட்டேன்."

"எங்க?"

"அதேதானுங்க. சமையலறைக்குப் பின்னால."

"இருட்டுல" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை. கல்யாணமான புதுசில், தற்காலிகமாக இங்கே இருக்கட்டும் என்று அவரே கொண்டுவந்து வைத்த இடம் அது. வண்டிக்கு ஷெட், எனக்கு நடை. நானும் கேட்டதில்லை, அவரும் நினைத்ததில்லை.

சுகன்யாவைப் பார்த்து, "அம்மா... மெஷினக் கொண்டா" என்றார். அவள் இழுத்துக்கொண்டு வரப் போனாள்.

"டேப்பு... குடு."

கழுத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஒரு முனையைத் தரையில் போட்டு, "மிதி" என்றார். ஒரு கைதானே இருக்கிறது, என் கால் கட்டை விரலை இன்னொரு கையாக்கிக்கொண்டார். மிதித்தேன். மறு முனையை இடது கையில் பிடித்து மேலே இழுத்தார்.

"நிமுந்து... நில்லு. கைய... மடக்கு."

மடக்கினேன். எத்தனை ஆயிரம் பேரை அப்படி நிற்க வைத்திருக்கிறேன்! என்னை யாரும் நிற்க வைத்து அளந்ததில்லை. எனக்குப் பழைய ரவிக்கையை வைத்து நானே வெட்டிக்கொள்வதுதான். கையை எங்கே வைத்துக்கொள்வது, எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. புதுப் பெண் மாதிரி வெட்கமாக இருந்தது. அழுகையாகவும் வந்தது.

"முப்பத்தேழு" என்று படித்தார். "துணி வெட்டற மேசை... முழங்கைக்கு... மூணு கொறைச்சு. முப்பத்து நாலு. அந்த ஜன்னலு... உனக்கு."

"எனக்கு எதுக்குங்க? நாமதான் பெங்களூரு..."

"எலி... கடிச்ச சாமான... உட்டுட்டா?" என்றார். அந்த ஒரு பக்கச் சிரிப்பு.

வாசலில் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்ற சுகன்யா சத்தமாகச் சிரித்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது. "உங்க மேடையை இடிச்சு ஒசத்திக் கட்டச் சொல்லட்டுங்களா? நாந்தான் தப்பா அளந்து..."

டேப்பை விரலில் மெதுவாகச் சுற்றினார்.

"துளசி. நீ தப்பா அளந்தா... கூடத்தான்... போவும். ரேக்கு... போச்சே, அந்த மாதிரி." மூச்சு வாங்கிக்கொண்டார். "கொறைச்சு... வெட்டுனதே... இல்லையே நீ. ஒரு நாளும்."

அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். இறுக்கிப் பிடிக்கிற பலம் அந்தக் கைக்கு இன்னும் நிறைய இருக்கிறது.

"இருக்கட்டும்" என்றார். "எனக்கு... சரியா இருக்கு."

அக்டோபர் 3

பெட்டியிலிருந்து துணிகளைத் திரும்ப அலமாரியில் வைத்தேன். சுகன்யா பஸ் ஏறிவிட்டாள். மாதம் ஒரு முறை வருவாளாம், ஊறுகாய் வாங்க.

காலையிலிருந்து ஷெட்டில்தான் இருக்கிறார். நான் ராவின ரேக் முனையைப் பார்த்துவிட்டு அரை மணி நேரம் திட்டினார். பாதி வார்த்தை வரவில்லை. வராத வார்த்தையை நானே எடுத்துக் கொடுத்தேன்.

ஆறுச்சாமிக்குப் போன் போட்டு, ஜன்னலோரம் இன்னொரு மேடை வேண்டும், முப்பத்து நாலு இஞ்ச் என்றேன்.

"நல்லா ஒரு தடவை அளந்து பாத்துக்குங்க்கா. தையலுக்குக் கிய்யலுக்கு உட்டுறாதீங்" என்றார்.

"நான் அளக்கலைங்க, மேஸ்திரி" என்றேன். "உங்க அண்ணன் அளந்தாரு."